மேலே பேசுகிற அம்மா

தெருவில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்துப் புழங்கும் தேவை யாருக்கும் வரவில்லை. பேருந்து நிலையத்தில் "பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவள் குரல்தான். மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று சொல்லிச் சொல்லியே கழுத்தறுப்பதும் அவள் குரல்தான். மளிகைக் கடைக்காரர் அவளைக் கண்டால் விடமாட்டார். "ஏங்க மைக்கக்கா, நேத்து காலையில பூரா என்னக் காக்க வெச்சீங்களே, ஒரு வார்த்த பதில் சொல்லக் கூடாதா?" என்பார். அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்று அதே குரலில் சொல்லிவிட்டுச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போவாள். கடையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

வீட்டில் அந்தக் குரல் கிடையாது. வீட்டில் அவளுடையது கொஞ்சம் கரகரப்பான, அவசரம் பிடித்த, எந்த வாக்கியத்தையும் முடிக்காத குரல். "அந்த... மேல வெச்சேனே... அதாங்க" என்றால் கணவர் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பார். நல்ல பேச்சை எல்லாம் ஊருக்கு விற்றுவிட்டு உதிர்ந்ததைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் என்பது அவருடைய நிரந்தரக் கேலி.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் லிஃப்டுகளில் "கதவு மூடுகிறது" என்று சொன்னதும் இவள்தான். கையெல்லாம் கிரீஸோடு நாள் முழுக்க அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் லிஃப்டுக்குள் வந்த பெண் "இது மேல போகுமா?" என்று கேட்டதும் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே கதவ மூடு, கதவத் தெறன்னு என்ன வேல வாங்கினவ இவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை.

ஒரே மகன். அவனுக்கு ஆறு வயது இருக்கும்போது நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும்; மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

ஒரு மாலை, பல் மருத்துவரைப் பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய கட்டடத்துக்குப் போயிருந்தாள். ஏறும்போது மின்சாரம் போய், லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது. பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி மட்டும் கடமை தவறாமல் பேச ஆரம்பித்தது. "பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து அமைதியாக இருக்கவும்." அவள் குரல்தான். கும்மிருட்டில் அம்மாவின் கை பக்கத்தில் இருக்கிறது, அம்மாவின் குரல் உச்சியிலிருந்து வருகிறது. குழந்தை வீறிட்டான்.

"அந்த அம்மா வேணாம்! நீ பேசு! நீ பேசும்மா!"

அவள் அப்படியே லிஃப்டின் தரையில் உட்கார்ந்து, அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காதோடு வாயை வைத்து, "ஒண்ணும் இல்லடா, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். மேலே அவளே திரும்பத் திரும்ப அமைதியாக இருக்கச் சொன்னாள்; கீழே அவளே திரும்பத் திரும்ப இதைச் சொன்னாள். கடைசியில் கணவரே வந்து கதவை நெம்பி, அந்த இடுக்கு வழியாகப் பிள்ளையை மேலே தூக்கினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அம்மா. தொழில் குரலுக்கு மகன் 'மேல பேசுற அம்மா' என்று பெயர் வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அவள் சுத்தமான தமிழில் இறங்கினால், உள்ளேயிருந்து "அப்பா, மேல பேசுற அம்மா வந்துட்டா, ஓடு!" என்று கத்துவான். லிஃப்டில் சொன்ன வரி மட்டும் கீழே இருக்கிற அம்மாவுடையது. காய்ச்சலில் அதைச் சொன்னாள், சைக்கிளிலிருந்து விழுந்தபோது சொன்னாள், பரீட்சை முடிவு வந்த அன்று சொன்னாள். இப்படி ஒரு வரி நமக்குள் இருக்கிறது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. வீட்டில் இருக்கிற முக்கியமான சாமான்களுக்குப் பெரும்பாலும் பெயரே இருக்காது.

மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. சோம்பல் என்றார்கள், செல்போன் என்றார்கள், ஏதாவது பெண்ணாக இருக்கும் என்றார்கள்; ஆளுக்கு ஒரு காரணம் கையில் வைத்திருந்தார்கள். அவன் மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. குளிப்பதற்குக்கூட யாரோ மலையேறச் சொன்னது போலப் பார்த்தான். கணவர்தான் முதலில் விழித்துக்கொண்டார். "மோட்டார் நல்லாருக்கு, கேபிளும் நல்லாருக்கு, ஆனா வண்டி நகரலன்னா எங்கயோ கண்ணுக்குத் தெரியாத எடத்துல போயிருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லி மருத்துவரிடம் கூட்டிப்போனார். மாத்திரை வந்தது. வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் பேசப் போனான். கதவு மட்டும் மூடியே இருந்தது. தட்டினால், "சாப்பிட்டேம்மா" என்று பதில் வரும். சாப்பிடச் சொல்ல வந்தவளுக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அந்த வேலை வந்தது. இளைஞர்களுக்காக ஒரு நிறுவனம் மனநல ஆப் ஒன்று தயாரித்தது. தூக்கம் வராதபோது, நெஞ்சு படபடக்கும்போது, யாரிடமும் பேச முடியாதபோது போனைத் திறந்தால் ஒரு குரல் மூச்சைச் சீராக விடச் சொல்லித்தரும். அந்தக் குரலுக்கு இவளைக் கூப்பிட்டார்கள். அவள் நாத்தனாருக்கு இதில் பரம சந்தோஷம். "போய்ப் பேசு அண்ணி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள். அவளும் அதை நம்பினாள். பழமொழி என்பதற்காக நம்பவில்லை, கையில் வேறு எதுவும் இல்லாததால் நம்பினாள்.

ஒலிப்பதிவு அறை ஒரு பழைய துணிக்கிடங்கின் பின்பக்கம் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சுமெத்தை. உள்ளே போகும்முன் வளையலையும் தோட்டையும் கழற்றி ஒரு கூடையில் போட வேண்டும். போனையும் அதிலேயே போட்டுவிட வேண்டும். ஒரு துண்டு ஆப்பிள் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு ஒட்டி ஒட்டிச் சத்தம் வரும். வெறும் வயிற்றோடு போனால் வயிறு பேசும், நிறையச் சாப்பிட்டுப் போனால் ஏப்பம் பேசும். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் அசையாமல் இருக்க, அறையின் மௌனத்தையும் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். வரிகளுக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவைப்படும். ஒரு அறையின் மௌனம் இன்னொரு அறைக்குப் பொருந்தாது என்று ஒலிப்பதிவு செய்யும் பெண் சொல்வாள்.

அந்தப் பெண் நல்லவள். அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யாருமே கிடையாது.

எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: "நீங்கள் தனியாக இல்லை. உதவி எப்போதும் உங்கள் அருகில் இருக்கிறது." மைக்கக்கா அதை எப்படிச் சொன்னாலும் பேருந்து வரப்போகிறது என்பது போலவே இருந்தது. ஒலிப்பதிவு செய்யும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள்.

"அக்கா, லட்சம் பேருக்குச் சொல்லாதீங்க. ஒருத்தருக்குச் சொல்லுங்க. யாரையாவது நெனச்சுக்கோங்க. தாளப் பாக்காதீங்க."

அவள் கண்ணை மூடினாள். யாரை நினைப்பாள்? மூடிய கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறவனைத்தான் நினைத்தாள். அவனிடம் அதைச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொல்ல விடவில்லை அவன். நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்படியே வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லடா, நான் இங்கதான் இருக்கேன்."

அந்தப் பெண் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதையே வெச்சுக்கலாம்க்கா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். தொழில் என்று ஒன்று இருக்கிறதே. "ஆனா மூச்சு கொஞ்சம் இரையுது. இன்னொரு தடவ. 'ஒண்ணும் இல்லடா'வுக்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விடுங்க." அவள் விட்டாள். இன்னும் மெதுவாகச் சொன்னாள். கரகரப்பை எடுத்தாள். அவசரத்தை எடுத்தாள். வெளிச்சம் போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அந்த வரி பேருந்து நிலைய அறிவிப்பைப் போலவே பழுதில்லாமல் ஆனது. பால் போல, தேன் போல. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஆப் வெளிவந்தது. பெரிய வரவேற்பு. மகனுடைய ஆலோசகரும், நல்லெண்ணத்தோடுதான், தனக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரிடமும் அதைப் போனில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரு மத்தியானம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மகன் அறையை விட்டு வெளியே வந்தான். அந்த வீட்டில் அதுவே ஒரு விசேஷம். ஒரு காதில் இயர்போன், இன்னொன்று சட்டைமேல் தொங்கியது. அதை எடுத்து அவள் காதில் வைத்தான்.

"அம்மா, இது நீதானே?"

அவள் கேட்டாள். அந்த வரி வந்தது, இடைவெளியோடு. அவளுக்கு முதலில் வந்தது பெருமை. பின்னாளில் தன்னைத் தானே அறைந்துகொண்டது இதற்காகத்தான். "நல்லாருக்காடா? அந்தப் பொண்ணு அழுதே போயிட்டா, தெரியுமா? லட்சம் பேருக்கு மேல கேட்டாச்சாம்!" என்றாள், கையில் சோப்பு நுரையோடு.

அவன் இயர்போனை அவள் காதிலிருந்து எடுத்தான்.

"இது என்னோடது இல்லையாம்மா?"

"எது?"

"இதையும் அந்த அம்மாகிட்ட குடுத்துட்டியா? மேல பேசுறவகிட்ட?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு அவளும் கோபப்பட்டிருப்பாள், விஷயம் சண்டையில் கரைந்திருக்கும். அவன் பென்சிலைக் காணோம் என்பது போலத்தான் கேட்டான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, நல்ல விஷயம்தான். நாலு பேருக்கு உதவும்" என்று அவனே சமாதானமும் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் அந்த நிறுவனத்துக்குப் போய் நின்றாள். பொறுப்பிலிருந்த இளைஞன் எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"அந்த ஒரு வரிய எடுத்துடுங்க தம்பி. வேற எது வேணும்னாலும் சும்மாவே பேசிக் குடுக்கறேன்."

"மேடம், நெறைய பேர் சேமிச்சு வெச்சுத் திரும்பத் திரும்பக் கேக்குற வரியே அதுதான். அதப் போயி..."

"அது நீங்க எழுதிக் குடுத்தது இல்லப்பா. அது என் வீட்டுது."

அவனுக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? அவள் கையெழுத்துப் போட்டிருந்த ஒப்பந்தத்தைப் பற்றி மரியாதையாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவு செய்யும் பெண்தான், "தாள்ல இல்லாதத நான்தான் சேத்தேன். தப்பு என்னோடது. எடுத்துடலாமே" என்று மன்றாடினாள். அவன் பெருமூச்சு விட்டு, அடுத்த அப்டேட்டில் எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டான். கொஞ்ச நாள் ஆகும் என்றான்.

அவள் வீட்டுக்கு ஓடிவந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மகன் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். "எடுக்கச் சொல்லிட்டேன்டா. இனிமே அத யாருக்கும் சொல்ல மாட்டேன். அது உனக்கு மட்டும்தான்."

கதவு திறந்தது. அவன் போய் மறுபடி படுத்துக்கொண்டான், ஆனால் கதவைச் சாத்தவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் திரை வழியாக மத்தியான வெயில் மங்கலாக விழுந்துகொண்டிருந்தது. தலையில் கையை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. அவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைத்த இடம் அது. குனிந்து, காதருகே போய், சொன்னாள்.

"ஒண்ணும் இல்லடா."

ஒரு சின்ன இடைவெளி.

"நான் இங்கதான் இருக்கேன்."

அவளுக்கே கேட்டது. அந்த இடைவெளி, அந்தப் பால், அந்தத் தேன். கரகரப்பைக் காணோம். பதறிப்போய் இன்னொரு முறை சொன்னாள். முன்னைவிடச் சுத்தமாக வந்தது. லிஃப்டின் உச்சியிலிருந்து வருவது போலவே வந்தது. கற்ற தொழில் கைவிடாது என்பார்கள். சில நேரம் அது கைவிட்டுத் தொலைத்தால் தேவலை.

மகன் அவள் புறங்கையை மெல்லத் தட்டிக்கொடுத்தான், பெரியவர்கள் தட்டிக்கொடுப்பது போல. "பரவாயில்லம்மா. போ, பால் பொங்குது பாரு."

பால் உண்மையிலேயே பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நல்ல நாட்களும் வந்தன. இல்லை என்று சொன்னால் பொய். கணவர் அவனைச் சில நாள் வேலைக்குக் கூட்டிப்போனார். மொட்டைமாடியில் மோட்டார் அறைக்குள் அப்பாவுக்கு டார்ச் பிடித்தான். "அப்பா, இந்தக் குரல மாத்தவே முடியாதா?" என்று கேட்டானாம். "உங்கம்மாவையா? இத்தன வருஷமா நானும் பாக்கறேன், முடியலையே" என்று இவர் சொல்ல, அவன் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைக் கணவர் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். அவள் இன்னொரு தடவை கேட்டாள், இன்னொரு தடவை நடித்தார். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அதை வைத்துத்தான் காலத்தை ஓட்டினார்கள்.

அடுத்த வாரம், மற்ற நாளைப் போன்ற ஒரு செவ்வாய்க்கிழமை, மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். எப்படி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் அது வேண்டாம். அவள் அப்போது வேறொரு ஒலிப்பதிவு அறையில் ஒரு வங்கிக்காக "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று பேசிக்கொண்டிருந்தாள். கணவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போன் வெளியே கூடையில், வளையலுக்கும் தோட்டுக்கும் நடுவே, சத்தமில்லாமல் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்திருக்கிறது. வேலை நன்றாக அமைந்த சிரிப்போடு அவள் வெளியே வந்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். நாத்தனார் மட்டும் வாயே திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பழமொழி யாருடைய நினைவிலும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பாள், பாவம். அவசியமே இல்லை. அது மைக்கக்காவின் மண்டைக்குள் தானே ஓடிக்கொண்டிருந்தது. ஊரார் பிள்ளைகளை ஊட்டி ஊட்டி வளர்த்தாள். தன் பிள்ளை தானே வளரவில்லை.

மருத்துவர் அவளை எதிரே உட்காரவைத்து நேராகச் சொன்னார். "இது நோயும்மா. ஒரு வார்த்தையால வரல. ஒரு வார்த்தையால நின்னிருக்கவும் செய்யாது. அவன் உங்க மேல கோவமா இருந்தான்னு நெனைக்காதீங்க." அவர் சொன்னது உண்மை. அறிவுள்ள யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவளும் தலையாட்டினாள். தலைதான் ஆடியது.

சில வாரம் கழித்து ஒலிப்பதிவு செய்யும் பெண்ணிடமிருந்து தகவல் வந்தது: "அக்கா, அந்த வரியை எடுத்தாச்சு." நடந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மைக்கக்கா ஆப்பைத் திறந்து கேட்டாள். அந்த வரி இருந்த இடத்தில் அறையின் மௌனத்தை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். போனை அணைத்துவிட்டு மகன் அறையில் உட்கார்ந்தாள். இந்த அறைக்கும் ஒரு மௌனம் இருந்தது. மின்விசிறி ஓடாத, புரண்டு படுக்க ஆளில்லாத மௌனம். தொழில்காரி அவள், அந்தச் சின்ன வித்தியாசமும் அவள் காதுக்குத் தப்பவில்லை.

பேச்சு நின்றுபோனது. வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். வீட்டிலும் தலையசைப்போடு சரி. கணவர் மட்டும் லிஃப்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். வேலை முடிந்த பிறகும் அவர் உள்ளேயே நிற்பார். "கதவு மூடுகிறது" என்பாள். பொத்தானை அழுத்துவார். "கதவு திறக்கிறது" என்பாள். காவலாளி வந்து, "என்ன சார், இன்னும் ரிப்பேரா?" என்று கேட்டால், "செக் பண்றேன்" என்பார்.

ஒரு வருடம் ஆகப்போகும்போது அவளுக்கு ஓயாத தலைவலி. கண்ணாகத்தான் இருக்கும் என்று கணவர் அவளைக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அனுப்பிவைத்தார். மாடியில் சின்னக் கடை. கண் சோதிக்கிற பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. கனமான வட்டச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, "எதிர்ல இருக்கிறதப் படிங்கம்மா" என்றாள்.

அவள் படித்தாள். தொண்டையை விட்டு வெகு நாளாகக் குரல் வெளியே வரவில்லை. இருந்தாலும் எழுத்தைப் பார்த்தவுடன் பழைய பழக்கம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. "ட. ப. ம. ய." ஒவ்வொன்றும் தனித்தனியாக, அலம்பி வைத்த டம்ளர் மாதிரி. கடைசி வரிக்கு வந்தபோது கண்ணாடி வில்லையை மாற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

"அம்மா... நீங்க... அந்த ஆப்ல பேசுறவங்களா?"

கனத்த சட்டத்தோடு அவள் தலையசைத்தாள். அந்தப் பெண் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருஷம் நான் ரொம்ப மோசமா இருந்தேம்மா. இப்பவும் டாக்டர்கிட்ட போறேன், மாத்திரையும் சாப்பிடறேன். ஆனா டாக்டர் எப்பவும் கூடவே இருக்க முடியாதுல்ல. தாங்க முடியாதப்ப ஒங்க குரலத்தான் கேப்பேன். அதுல ஒரு வரி வரும். 'ஒண்ணும் இல்லடா'ன்னு. என்னய யாரும் 'டா'ன்னு கூப்பிட்டதே இல்ல."

"அத எடுத்துட்டாங்களேம்மா" என்றாள் மைக்கக்கா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

"தெரியும். அப்டேட் பண்ணா போயிடும்னு யாரோ எழுதியிருந்தாங்க. அதான் நான் பண்ணவே இல்ல." பெண் பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள். திரை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல், பின்மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். "எல்லாரும் புதுசு வாங்குன்னு திட்றாங்க. மாத்தினா அது போயிடுமே. இது எப்ப உயிர விடும்னு தெரியல." சிரித்தாள். பிறகு கேட்டாள். "அம்மா, அது யார நெனச்சுச் சொன்னது? எனக்கே சொன்ன மாதிரி இருக்கும், அதான் கேக்கறேன்."

மைக்கக்கா அந்த உடைந்த போனையே பார்த்தாள். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. என் பையன நெனச்சும்மா. அவன் இப்ப இல்ல. அதைச் சொன்னால் இந்தப் பெண் இனி அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் ஒரு செத்துப்போன பிள்ளையும் கூடவே வருவான். ஒருத்தனுடைய பொருளை எடுத்து ஊருக்குக் கொடுத்து ஒருமுறை பார்த்தாயிற்று. ஊருக்குக் கொடுத்ததைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. இனிமேல் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னது காதில் கேட்டது.

"உன்ன நெனச்சுத்தாம்மா" என்றாள்.

"பொய்தானே?" என்றாள் அந்தப் பெண், கண்கலங்கிச் சிரித்துக்கொண்டு.

மைக்கக்கா கையை நீட்டி அவள் தலையில் வைத்தாள். மூக்கில் அந்தக் கனத்த சட்டம் ஆடியது. "ஒண்ணும் இல்லடா நான் இங்கதான் இரு..." அவ்வளவுதான் வந்தது. இடைவெளி விடவில்லை. கரகரத்தது, அவசரப்பட்டது, கடைசிச் சொல் தொண்டையில் உடைந்து முடியாமலே நின்றது. ஒலிப்பதிவு அறையாக இருந்தால் இன்னொரு தடவை என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ரெக்கார்டிங்ல இப்படி இல்லையேம்மா."

"இல்ல. அது மேல பேசுறவ."

பெண்ணுக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சச் சோதனையையும் முடித்து, கண்ணாடி வெள்ளிக்கிழமை தயாராகிவிடும் என்றாள்.

மைக்கக்கா கடையை விட்டு வெளியே வந்தாள். கீழே தெருவில் வண்டிகள் இரைந்துகொண்டிருந்தன. பாதிப் படி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். மடியில் கை இரண்டையும் சேர்த்து வைத்து, பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பது போலக் குனிந்து சொன்னாள்.

"இப்ப வருதுடா. இப்ப வருது."